6239, வெள்ளை எக்ஸாட்டிக் டயல்: ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் பார்த்துவிட முடியும்?

#1 நீலமுள்

ரோலெக்ஸின் ஸ்டாப்வாட்ச் வசதி (குரோனோகிராஃப், சுருக்கமாகக் குரோனோ) கொண்ட பழைய கைக்கடிகாரமான காஸ்மோகிராஃப் டேடோனா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் மாடல் எண் 6239 என்கிறார். எஃகு கேஸ், 200 வரை வேக அளவு வெட்டிய எஃகு பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), பம்ப் புஷர்கள் (திருகிப் பூட்டாமல் அழுத்தும் குரோனோ பொத்தான்கள்). வெள்ளை டயல், அதற்குள் மூன்று கறுப்புச் சிறு வட்டங்கள் (சப்-டயல்), வெளி நொடித்தடத்தில் சிவப்பு அச்சு. நடிகர் பால் நியூமன் பெயரால் நாம் சொல்கிற மூவண்ண டயல், இதையே எக்ஸாட்டிக் டயல் என்பார்கள்.

அனுப்பிய படங்கள்: முகப்பு ஆறு, திறந்த பின்மூடியின் உட்புறம் ஒன்று, மூவ்மெண்ட் (உள் இயந்திரம்) ஒன்று. மூவ்மெண்ட் படத்தில் பாலத்தின் மேல் ரோலெக்ஸ் என்ற எழுத்து தெரிகிறது, காலிபர் (இயந்திர வகை) எண் தெரியவில்லை. பின்மூடி உள்ளே 6239 என்று பொறித்திருக்கிறது. நேரில் பார்க்க ஒரு மணி நேரம் தருகிறார். பின்மூடியைத் திறக்கலாம், டயலைக் கழற்றக் கூடாது என்கிறார்.

சாதாரண டயல் கொண்ட 6239க்கும் இதற்கும் விலை பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய தகட்டில்தான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம்?

#2 பத்துமடங்கு

டயலிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோலெக்ஸ் இதைப் பால் நியூமன் என்று அழைத்ததில்லை, அது சேகரிப்பவர்கள் வைத்த பெயர். டயலைச் செய்தது சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் ஊரில் இருந்த சிங்கர் நிறுவனம். அவர்களே வேறு பிராண்டுகளுக்கும் இதே சாயலில் டயல் செய்து கொடுத்தார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட டயலில் பழைய பெயரை அழித்துவிட்டு ரோலெக்ஸ் என்று அச்சடித்தால் பள்ளமும் வரிகளும் சிங்கர் தரத்திலேயே இருக்கும், எழுத்து மட்டும்தான் பொய். "உருவம் சரியாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்து போவோம்.

பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, சாய்வாக விழ வேண்டும்.

வெளி நொடித்தடம் டயலின் நடுப்பகுதியைவிட ஒரு படி தாழ்ந்து இருக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் படியின் விளிம்பில் மெல்லிய நிழல் சுற்றிலும் ஒரே அகலத்தில் விழும். சமதளத் தகட்டில் வண்ணம் மட்டும் மாற்றியிருந்தால் நிழலே இருக்காது. எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட உதவும் சோதனை இது.

அடுத்து 9 மணிப் பக்கத்துச் சப்-டயல், அதாவது ஓடும் நொடி. எக்ஸாட்டிக் டயலில் 15, 30, 45, 60. சாதாரண டயலில் 20, 40, 60. எண்களின் வடிவமும் வேறு, ஆர்ட் டெகோ பாணியில் இருக்கும். சப்-டயல் கோடுகளின் நுனியில் சிறு சதுரம் இருக்கும். நடுவில் குறுக்குக்கோடு ஓடும். மணிக்குறிகளும் சாதாரண டயலில் உள்ள நீளமான பட்டைகள் அல்ல, குட்டையான கட்டங்கள்.

சப்-டயல் பள்ளத்துக்குள் வட்ட வட்டமாக நுண்வரிகள் வெட்டியிருக்கும். லூப்பின் கீழ் டயலை மெல்லச் சாய்த்தால் அந்த வரிகளின் மேல் ஒளி விசிறி போலச் சுழல வேண்டும். மேலே அச்சடித்த வெள்ளை மை அந்த வரிகளை நிரப்பிக்கொண்டு மேடாக நிற்கும். பள்ளத்துக்குள் பெயிண்ட் தடித்து வரிகள் மூடிப் போயிருந்தால் அது மறுபூச்சு.

கடைசியாக எழுத்து. அசல் அச்சில் ஒவ்வொரு எழுத்தும் சிறு மேடு, விளிம்பு ஒரே கோடாக ஓடும். விளிம்பு பொடிப்பொடியாக, புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சு. பம்ப் புஷர் கடிகாரத்தின் எக்ஸாட்டிக் டயலில் ரோலெக்ஸ், காஸ்மோகிராஃப் என்ற இரண்டு சொற்கள்தான் மேலே இருக்கும். ஆய்ஸ்டர் என்ற சொல் திருகு புஷர் வந்த பிறகு சேர்ந்தது. பம்ப் புஷர் கேஸுக்குள் ஆய்ஸ்டர் என்று எழுதிய டயல் இருந்தால் அது வேறு கேஸிலிருந்து வந்தது.

#3 எஃகுப்பட்டை

கேஸ் பற்றி நான் சொல்கிறேன்.

பிரேஸ்லெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் யாரும் பணம் பேசக் கூடாது. 12 மணிப் பக்கக் கொம்புகளுக்கு (பட்டையைப் பிடிக்கும் கேஸ் நீட்சிகள்) நடுவே மாடல் எண், 6 மணிப் பக்கத்தில் சீரியல் எண். அவர் காட்டியது பின்மூடியின் உட்புறத்தை மட்டும்தான். பின்மூடியை வைத்து மாடலைத் தீர்மானிக்க முடியாது.

எண்களின் பள்ளத்தைப் பாருங்கள். அசலில் கோடு கூர்மையாக, அடியில் பளபளப்போடு இருக்கும். மறுபடி வெட்டியதில் விளிம்பு வீங்கியிருக்கும், எழுத்துகள் நேர்க்கோட்டில் நிற்காது. பல தடவை பாலிஷ் பட்ட கேஸில் கொம்புகள் ஊசியாகி, வலதும் இடதும் அகலம் மாறியிருக்கும். வெர்னியர் வைத்து நான்கு கொம்புகளையும் அளந்து பாருங்கள், கண் ஏமாந்துவிடும்.

பெசலைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். பெசலில் உள்ள வேக அளவான டாக்கிமீட்டர் என்பது 3600ஐ நொடியால் வகுத்த எண், அவ்வளவுதான். ஆகவே 20 நொடிக்கு நேராக 180, 30 நொடிக்கு நேராக 120, 40க்கு 90, 45க்கு 80, 60க்கு 60. 200 என்ற எண் 18ஆவது நொடிக்கு நேராக வர வேண்டும். குரோனோ முள்ளை ஓடவிட்டு அந்தந்த இடத்தில் நிறுத்தி, மேலிருந்து நேராகப் பாருங்கள். பின்னாளில் செய்த பெசல்களில் ஒன்றிரண்டு குறிகளாவது விலகி நிற்கும். ஆரம்ப கால 6239களில் 300 வரை போகும் பெசல் வந்தது, பிறகு 200. எனவே 200 என்பது குறை இல்லை.

பிரேஸ்லெட்டுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கொம்புகளுக்கு இடையே 19 மில்லிமீட்டர். 7205 ரிவெட், 7835 மடிப்பு, 78350 என்று காலவரிசை. அதை மாற்றிக்கொள்ளலாம், டயலை மாற்ற முடியாது.

#4 மஞ்சள்லூம்

லூமுக்கு (இருட்டில் ஒளிரும் பூச்சு) இரண்டு கருவி தேவை: 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், முடிந்தால் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கைகர் கருவி.

6 மணிக்குக் கீழே "டி சுவிஸ் டி" என்ற சிறு எழுத்து இருக்கும். டி என்றால் ட்ரிட்டியம், லூமை ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1960களின் இறுதியில் பூசியதில் இன்றைக்கு ஐந்து சதவீதம்கூட மிச்சமில்லை. இருட்டில் தானாக ஒளிராது. டார்ச் அடித்தால் மங்கலாக ஒளிர்ந்து, டார்ச்சை அணைத்ததும் உடனே அணைய வேண்டும். அணைத்த பிறகும் பல நொடிகள் பச்சையாக நின்றால் புதிதாகப் பூசியது.

கண்ணாடி மூடியிருக்கும்போது கைகர் கருவி சத்தம் போடவே கூடாது. ட்ரிட்டியத்தின் பீட்டா கதிர் வலுவற்றது, அக்ரிலிக் கண்ணாடியைத் தாண்டி வராது. சத்தம் வந்தால் உள்ளே ரேடியம் இருக்கிறது என்று பொருள். டி சுவிஸ் டி என்று எழுதிய டயலில் ரேடியத்துக்கு வேலையில்லை.

டயலில் லூம் புள்ளிகள் வெளிவளையத்தை ஒட்டி, மணிக்குறிக்கு அருகில் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே நாளில் பூசிய புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறத்தில் முதிரும். ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அது உதிர்ந்து மறுபடி வைத்தது. பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, பம்ப் புஷர் கேஸில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். முள்களின் லூம் டயலோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம், முள்களைப் பழைய சர்வீஸ்களில் தாராளமாக மாற்றினார்கள். ஆனால் விலையில் அது கழிய வேண்டும்.

லூம் புள்ளியின் அடியில் அச்சுக்கோடு ஓடுகிறதா, மேலே ஓடுகிறதா என்றும் பாருங்கள். லூம்தான் கடைசியில் வைத்தது. லூமின் மேல் மை ஏறியிருந்தால் அச்சு பிற்காலத்தது.

#5 சக்கரத்தூண்

மூவ்மெண்டைத் திறக்காமலே காலிபரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 6239இல் இருக்க வேண்டியது வால்ஜூ நிறுவனத்தின் 72 என்ற மூவ்மெண்டின் அடிப்படையிலான 72பி, 722 அல்லது 722-1. மூன்றும் மணிக்கு 18,000 அதிர்வு, அதாவது நொடிக்கு ஐந்து டிக். பிறகு வந்த 727க்கு 21,600, நொடிக்கு ஆறு.

போனைக் கடிகாரத்தின் முதுகில் ஒட்டி வைத்து 10 நொடி ஒலிப்பதிவு செய்து, அலைவடிவத்தில் டிக்குகளை எண்ணுங்கள். 50 என்றால் 722 குடும்பம், 60 என்றால் 727. அல்லது குரோனோ முள்ளை ஓடவிட்டு நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். முள் ஒரு தாவலுக்கு 48 ஃப்ரேம் எடுத்தால் 18,000, 40 எடுத்தால் 21,600. விற்பவரிடம் இன்றைக்கே இந்த வீடியோவைக் கேளுங்கள். நேரில் போகும் நேரம் மிச்சமாகும்.

குரோனோவை இப்படிச் சோதியுங்கள். முழுச் சாவி கொடுத்துவிட்டு, ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் என்று பத்து முறை. ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட்டை அழுத்தாதீர்கள். இது ஓடும்போதே ரீசெட் செய்யக்கூடிய ஃப்ளைபேக் வகை கிடையாது. தூண் சக்கரம் சுத்தியலைத் தடுத்துப் பிடித்திருக்கும், பலம் கொடுத்தால் நெம்புகோல் வளையும்.

ஸ்டார்ட் அழுத்தும்போது நொடிமுள் லேசாக ஒரு துடிப்புத் தாவலாம். குரோனோவை இயந்திரத்தோடு இணைக்கும் பக்கவாட்டுக் கிளட்சில் பல்லும் பல்லும் சந்திக்கும் விதம் அப்படி. அதற்கு மேல் தாவினாலோ பின்னால் உதைத்தாலோ கிளட்ச் ஆழம் தவறாக இருக்கிறது. எக்சென்ட்ரிக் திருகைத் திருப்பினால் சரியாகும், பாகம் தேவையில்லை. முள் ஓடும்போது நடுங்கினால், நடுச்சக்கரத்தை அழுத்தும் உராய்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

30 நிமிட எண்ணி 58, 59ஆவது நொடியில் மெல்ல அசையத் தொடங்கி 60இல் தாவும். இரண்டு கோடு தாவினாலும், தாவாமலே இருந்தாலும் குறை.

ரீசெட் செய்ததும் மூன்று எண்ணிகளும் மிகச் சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விலகி நின்றால் முள்ளைப் பொருத்திய விதம் தவறு. விலகல் முறைக்கு முறை மாறினால் முள்ளின் குழல் அச்சில் தளர்ந்து வழுக்குகிறது. இரண்டாவதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் தளர்ந்த முள் என்றைக்காவது டயலைக் கீறும்.

முக்கியமாக ஒன்று: குரோனோவை நிறுத்தி, ரீசெட் செய்து, கடிகாரத்தை அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். 6 மணிப் பக்கத்து மணி எண்ணி அசைகிறதா பாருங்கள். வால்ஜூ 72இல் மணி எண்ணி நேராக, மெயின்ஸ்பிரிங் இருக்கும் பேரலிலிருந்து உராய்வின் மூலம் சக்தி எடுக்கிறது. குரோனோ நிற்கும்போது அதைப் பிடித்து வைப்பது ஒரு பிரேக். பழைய எண்ணெய் பசையாகிவிட்டாலோ பிரேக் தேய்ந்துவிட்டாலோ முள் தானாக ஊர்ந்து போகும்.

#6 நீலமுள்

எல்லோருக்கும் நன்றி. வீடியோவும் ஒலிப்பதிவும் கேட்டிருக்கிறேன். கொம்புகளுக்கு இடையிலான படமும்.

ஒரு சந்தேகம். டயல் அசல், கேஸ் அசல், ஆனால் இரண்டும் பிறப்பிலேயே சேர்ந்தவை என்று எப்படி உறுதி செய்வது?

#7 பத்துமடங்கு

உறுதி செய்ய முடியாது. இதை ஒளித்து வைப்பதில் பயனில்லை.

சில பிராண்டுகள் தங்கள் பழைய ஏட்டைப் பார்த்து, இந்த எண் கொண்ட கடிகாரம் இப்படிப்பட்டதாக வெளியே போனது என்று எழுதித் தருகின்றன. ரோலெக்ஸ் தருவதில்லை. கேரண்டித்தாள் இருந்தாலும் அது எண்ணைச் சொல்லுமே தவிர டயலைச் சொல்லாது. சாதாரண டயலும் எக்ஸாட்டிக் டயலும் ஒரே மூவ்மெண்டில் அமர்கின்றன. அந்தக் காலத்தில் எக்ஸாட்டிக் டயலுக்குக் கிராக்கி இல்லை, மாற்றினால் யாருக்கும் உறுத்தியிருக்காது. இன்று எதிர்த்திசையில் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் உண்டு.

அதனால் நாம் செய்யக் கூடியது ஒன்றுதான்: டயலின் வயதும் கேஸின் வயதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று காட்டுவது. டயல் அச்சு எந்த வகை (மார்க்), ஆய்ஸ்டர் உண்டா இல்லையா, சீரியல் எந்தக் காலம், காலிபர் எது, லூமின் முதிர்ச்சி, ஈரத்தின் தடம் டயலிலும் மூவ்மெண்டிலும் ஒரே பக்கம் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது பலர் பார்க்காத இடம். 4 மணிப் பக்கம் டயலில் ஈரப்புள்ளி இருந்தால் அதே பக்கம் புஷர் அடியிலோ கிரௌன் (சாவி கொடுக்கும் குமிழ்) குழல் அருகிலோ துருத்தடம் இருக்க வேண்டும். டயல் மட்டும் கறைபட்டு எஃகு பளிச்சென்று இருந்தால் அந்த இரண்டும் ஒன்றாக வாழவில்லை.

நியூமன் கைக்குப் போன 6239இன் பின்மூடியில் கவனமாக ஓட்டச் சொல்லி மனைவி பொறித்த வாசகம் இருந்தது. 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்குச் சற்று மேலே போனது. அந்த மாதிரிக் கைமாறிய வரலாறு எழுத்தில் உள்ள கடிகாரங்களைத் தவிர மற்ற எதிலும் பிறப்பு டயல் என்ற சொல் ஒரு கணிப்புதான்.

#8 எஃகுப்பட்டை

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அசல் எக்ஸாட்டிக் டயல், சரியான காலத்துக் கேஸ், இரண்டும் பின்னாளில் சேர்ந்தவை என்று தெரிந்தே விற்றால் அதை ஏன் ஒதுக்க வேண்டும்? டயல் அப்போதும் சிங்கர் டயல்தான். நேர்மையாகச் சொல்லி, விலையை அதற்கேற்ப வைத்தால் அது அணிவதற்கு நல்ல கடிகாரம். முடிந்தவரை எல்லாவற்றையும் பிறப்பு, பிறப்பு என்று வலியுறுத்துவதால்தான் விற்பவர்கள் மறைக்கிறார்கள்.

#9 பத்துமடங்கு

தெரிந்தே விற்றால் மறுப்பு இல்லை. நான் பயப்படுவது அடுத்த கைமாற்றத்தை. இன்று நேர்மையாகச் சொன்னது மூன்றாவது உரிமையாளரிடம் போகும்போது காணாமல் போகிறது. அப்படிச் சேர்த்த கடிகாரம் என்றால் விற்பனைச் சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும், படத்தோடு. அந்த நிபந்தனையோடு உங்கள் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

#10 நீலமுள்

ஒலிப்பதிவு வந்துவிட்டது. மூன்று முறை எண்ணினேன். 10 நொடியில் 60 டிக்.

ஸ்லோமோஷனிலும் தாவலுக்கு 40 ஃப்ரேம்தான். அப்படியானால் 727. 6239க்குள் 727 என்றால் மூவ்மெண்ட் மாறியிருக்கிறது, இல்லையா? கூடவே இன்னொன்று: மணி எண்ணி ஊர்கிறது. ரீசெட் செய்து 40 நிமிடத்தில் முள் பூஜ்யத்தைவிட்டுத் தெளிவாக விலகியிருப்பதை அவரே படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கொம்புப் படம் இன்னும் வரவில்லை.

#11 சக்கரத்தூண்

அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். எஃகு பெசல், பம்ப் புஷர், 727 இந்த மூன்றும் சேர்ந்த மாடல் ஒன்று இருக்கிறது: 6262. ஏறக்குறைய 1970இல் வந்தது, கறுப்பு அக்ரிலிக் பெசல் கொண்ட 6264 அதன் ஜோடி. இரண்டும் குறைந்த காலமே தயாராகின. திருகு புஷரோடு 6263உம் 6265உம் நிலைத்துவிட்டதால் இவை நின்றுபோயின.

6262, 6264 இரண்டிலும் பின்மூடியின் உள்ளே 6239 என்று பொறித்திருப்பது வழக்கம்தான். விற்பவர் பின்மூடியைப் பார்த்துவிட்டு 6239 என்று சொல்லியிருக்கலாம், அதில் ஏமாற்று இருக்க வேண்டியதில்லை. எஃகுப்பட்டை மூன்றாவது பதிவில் சொன்னதுபோல, கொம்புகளுக்கு நடுவே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விடை.

அங்கே 6239 என்றிருந்தால் மூவ்மெண்ட் மாறியது. 6262 என்றிருந்தால் எல்லாம் சரி.

#12 நீலமுள்

படம் வந்தது. 6262. எண்ணின் கோடுகள் கூர்மையாக இருக்கின்றன, மறுவெட்டு மாதிரி தெரியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன், சீரியலின் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்திருக்கிறேன்.

#13 எஃகுப்பட்டை

எழுத்தின் வடிவும் இடைவெளியும் சரியாகவே தெரிகின்றன. இடது மேல் கொம்பு மட்டும் மற்றவற்றைவிட ஒல்லியாக இருக்கிறது, ஒரு முறையாவது பாலிஷ் பட்டிருக்கும். அதை வாங்கிய பிறகு "சரிசெய்கிறேன்" என்று மறுபடி பாலிஷ் போடாதீர்கள். லேசர் வைத்து எஃகு ஏற்றுவதும் வேண்டாம்.

இனி விற்பவரோடு பேசும்போது 6262 என்ற பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் அரிதான மாடல் என்று தெரிந்து விலை ஏற்றலாம், ஆனால் சீட்டில் 6239 என்று எழுதி வாங்கினால் பின்னால் விற்கும்போது உங்களுக்குத்தான் சிக்கல்.

#14 சக்கரத்தூண்

மணி எண்ணி ஊர்வதுதான் இங்கே உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. மணி எண்ணியின் அமைப்பு டயலுக்கு நேர் அடியில் இருக்கிறது. டயலைக் கழற்றாமல் அதை யாராலும் சரி செய்ய முடியாது. இது சந்தேகத்தால் கேட்கும் கழற்றல் இல்லை, பழுதுக்காகக் கட்டாயமாகும் கழற்றல். முன்பணம் கொடுத்து, இருவருக்கும் பொதுவான மெக்கானிக் மேசையில், இருவரும் உட்கார்ந்திருக்க, டயலின் முதுகைப் பார்த்த பிறகு மீதி என்று பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மெக்கானிக் எப்படிச் செய்கிறார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்:

குரோனோவை ரீசெட் செய்து, மூன்று எண்ணி முள்களும் நிற்கும் இடத்தைப் படமெடுக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, செட்டிங் லீவர் திருகைச் சில சுற்று மட்டும் தளர்த்தி ஸ்டெம்மை (கிரௌனின் தண்டு) உருவ வேண்டும். திருகை முழுதும் எடுத்தால் லீவர் உள்ளே விழுந்துவிடும்.

முள் கழற்றும் கட்டம்தான் ஆபத்து. டயலின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல்தான் நெம்புகோல். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், நேர் மேலே. குரோனோ முள்களைச் சுத்தியல் அடித்தடித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதால் அவை இறுக்கமாக அமர்ந்திருக்கும். சாய்த்து இழுத்தால் முள்ளின் தகடு கையோடு வந்து, குழல் அச்சிலேயே தங்கிவிடும். சப்-டயலின் நுண்வரியில் நெம்புகோல் முனை ஒரு முறை உரசினால் அந்தக் கோட்டை எந்தக் கைவினைஞராலும் மறைக்க முடியாது.

டயல் கால்களைப் பிடிக்கும் திருகுகள் மூவ்மெண்டின் பக்கவாட்டில் இருக்கும். தளர்த்தினால் போதும். டயலை விளிம்பில் மட்டும், விரலுறை போட்டு. திருகு தளராமல் டயலை நெம்பினால் கால் உடையும், அல்லது அதன் நேர் மேலே வண்ணம் வெடிக்கும்.

#15 பத்துமடங்கு

முதுகைத் திருப்பியதும் பார்க்க வேண்டியவை:

கால்களின் அடிப்பாகம். அசல் கால் தகட்டோடு சுத்தமாகச் சேர்ந்திருக்கும். சுற்றிலும் பசை வழிந்திருந்தால், அல்லது ஈயம் உருகிய தடமும் நிறம் மாறிய வட்டமும் இருந்தால், கால் மறுபடி வைத்தது. அது வேறு மூவ்மெண்டிலிருந்து வந்த டயலாக இருக்கலாம், அல்லது பழைய மெக்கானிக் உடைத்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க, காலுக்கு நேராக முன்புறத்தில் வெப்பத்தால் வண்ணம் கொப்பளித்திருக்கிறதா பாருங்கள்.

சிங்கர் முத்திரை. அது இருந்தால் மட்டும் போதாது என்று என் முதல் பதிவிலேயே (#2) சொன்னதுபோலத்தான். ஆனால் எழுத்தைச் சுரண்டி எடுத்த அடையாளமோ, வேறு பெயரின் மிச்சமோ முதுகில் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நடு ஓட்டைகளின் விளிம்பு. முன்புற வண்ணம் ஓட்டைக்குள் வழிந்து முதுகுப் பக்கம் வந்திருந்தால் டயல் மறுபூச்சு பெற்றது. தொழிற்சாலை வேலையில் இந்த வழிதல் இருக்காது.

கண்ணாடி இல்லாமல் முன்புறத்தையும் மறுபடி பாருங்கள். கீறிய பழைய அக்ரிலிக் கண்ணாடி எவ்வளவு மறைத்தது என்று அப்போதுதான் தெரியும்.

#16 மஞ்சள்லூம்

டயல் வெளியே இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் "லேசாகத் துடைத்துவிடட்டுமா" என்று யாராவது கேட்டால் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐம்பது வருட லாக்கர், ஈரத்துணி பட்டால் எழுத்தோடு வரும். ட்ரிட்டியம் லூம் பொடியாகிப் போயிருக்கும், தூரிகை பட்டாலே உதிரும். கையால் இயக்கும் ஊதுகுப்பியால் தூசியைத் தள்ளுவது மட்டும் அனுமதி. வெள்ளை டயல் கொஞ்சம் கிரீம் நிறமாகியிருந்தால் அது லாக்கர் முதிர்ந்தது, அழுக்கு அல்ல.

உதிர்ந்த லூம் துணுக்கு மூவ்மெண்டுக்குள் விழுந்தால் பற்களில் சிக்கி நிறுத்திவிடும். மணி, நிமிட முள்களின் லூம் விரிசல் விட்டிருந்தால் பின்பக்கத்திலிருந்து மட்டும் மெல்லிய பிணைப்பு கொடுக்கலாம், முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.

சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள்: டயல் மாற்றக் கூடாது, முள் மாற்றக் கூடாது, லூம் பூசக் கூடாது, கேஸ் பாலிஷ் கூடாது, மாற்றிய ஒவ்வொரு பழைய பாகமும் திரும்ப வேண்டும்.

#17 சக்கரத்தூண்

அதே சீட்டில் இன்னும் இரண்டு சேருங்கள். குரோனோ நிற்கும்போதும் ஓடும்போதும் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் கோணம்) எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குரோனோ ஓடும்போது 20, 30 டிகிரி இறங்குவது இயல்பு. 50க்கு மேல் இறங்கினால் கிளட்ச் ஆழமாகக் கடிக்கிறது அல்லது உராய்வு ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது. இரண்டாவது, குரோனோ சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் கூடாது. தூண் சக்கரத்துக்கும் சுத்தியல் முகங்களுக்கும் கிரீஸ், சுத்தியல் அடிக்கும் இதய வடிவக் கேமுக்குத் துளி. பல்லில் எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி ஆறே மாதத்தில் முள் நடுங்கத் தொடங்கும்.

பிறகு தண்ணீர். பம்ப் புஷரில் புதிய கேஸ்கெட் போட்டாலும் கை கழுவும்போது கழற்றி வையுங்கள். திருகு புஷரை ரோலெக்ஸ் 1965 வாக்கில் 6240இல் கொண்டு வந்ததே இந்தக் குறைக்காகத்தான்.

#18 நீலமுள்

விற்பவரிடம் பேசிவிட்டேன். மணி எண்ணியைச் சரிசெய்ய டயல் வெளியே வந்தே ஆக வேண்டும் என்று அவருடைய மெக்கானிக்கும் சொன்னாராம். மேசையில் இருவரும் இருக்கச் சம்மதம். சீட்டில் மாடல் 6262 என்றே எழுதுகிறார், 16, 17ஆம் பதிவுகளில் உள்ள நிபந்தனைகளையும் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

லூப், புற ஊதா டார்ச், வெர்னியர் இருக்கின்றன. டயல் முதுகைப் படமெடுக்கச் சாய்ந்த வெளிச்சம் ஒரு பக்கமிருந்து போதுமா, அல்லது இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டுமா?

#19 பத்துமடங்கு

நான்கு கோணம். 3, 6, 9, 12 திசைகளிலிருந்து ஒவ்வொன்றாக, கேமராவை நகர்த்தாமல் விளக்கை மட்டும் நகர்த்தி. ஒரு திசையில் மறைகிற சுரண்டல் தடம் அடுத்த திசையில் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள். முன்புறத்துக்கும் அதே நான்கு, அதோடு நேர் மேலிருந்து ஒன்று. படங்களைச் சுருக்காமல் இங்கேயே ஏற்றுங்கள்.